விஜயதசமிக் காலையில் ஒரு மஞ்சள் திரை

எனக்குக் கோபம் வந்தால் கம்ப்யூட்டரில் டெர்மினலைத் திறந்துவிடுவேன். சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள், சிலர் மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொள்வார்கள். நான் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக எதையாவது அடித்துக்கொண்டிருப்பேன். கல்யாணமான மூன்றாம் மாதமே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "தொறந்தாச்சா கறுப்பு?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் இருக்கும். அப்போது மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கேயும் லினக்ஸ், வீட்டிலும் லினக்ஸ். என் லேப்டாப்பில் விண்டோஸ், கிண்டோஸ் என்று வேறு எதையும் ஏற்றுவதில்லை என்று விரதம் மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது, "இதுல பாட்டு கேக்கலாமா?" என்று கேட்டால் அரை மணி நேரம் பதில் சொல்வேன். கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பதிலின் சுருக்கம்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிடிபி கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், சர்ச் திருவிழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அந்த வட்டாரத்து நல்லது கெட்டது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயின. கீபோர்டைப் பார்க்காமல், வாசலில் நிற்பவரோடு பேசிக்கொண்டே தமிழ் அடிப்பாள். மாடம்பாக்கத்துக்கு வந்த பிறகு கடை தூரமாகிவிட்டது, வேலையை விட்டாள். ஒரு வருஷம் சும்மா இருந்து பார்த்தாள். முடியவில்லை.

"பக்கத்துல இருக்கற லேடீஸுக்கு டைப்பிங் கிளாஸ் எடுக்கப்போறேன். விஜயதசமி அன்னிக்கு ஆரம்பம். உங்க லேப்டாப் எனக்கு வேணும்" என்றாள் ஒரு நாள்.

ஆறு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் மனைவி, நாங்கள் இருவரும் அவரை அக்கா என்போம். இன்னொருவர் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். கோவளம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்காரர், அங்கே மகளிர் குழுவுக்குச் செயலாளர். ஒவ்வொரு மனுவுக்கும் பிரவுசிங் சென்டரில் போய் நின்று நின்று அவருக்கு வெறுத்துவிட்டது. "நான் ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு அடிக்கிறாம்மா. என் மனுவ நானே அடிச்சிக்கினா இன்னா?" என்று கேட்டுக்கொண்டே பெயர் கொடுத்தார்.

ஆனால் ஆறு பேரும் பெயர் கொடுக்கும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சார்தானே எடுப்பாரு?"

"இல்ல, நான்தான் எடுப்பேன்" என்று ஆறு முறையும் அவள் சொன்னாள். ஆறாவது முறை சொல்லிவிட்டு உள்ளே வந்தவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"கேட்டுக்கோங்க. பத்து மணிக்கு அவங்க உள்ள வரும்போது நீங்க கம்ப்யூட்டர்கிட்ட இருக்கவே கூடாது. நீங்க அங்க உக்காந்திருக்கறத ஒரு தடவை பாத்துட்டாங்கன்னா அவ்ளோதான். அப்புறம் நான் டீ போட்டுக் குடுக்கறவதான்."

நான் பெரிய மனசோடு ஒத்துக்கொண்டேன். எனக்கென்ன, எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்துவிட்டு நகர்ந்துவிட்டால் போகிறது. தமிழ் எழுத்துரு, தமிழ் கீபோர்டு எல்லாம் ஏற்றிக்கொடுத்தேன். லேப்டாப் திரை சின்னது. ஒருவர் அடிக்கும்போது மற்ற ஐந்து பேருக்கும் தெரிய வேண்டுமென்றால் பெரிய மானிட்டர் வேண்டும். பீர்க்கன்கரணையில் இருந்த ஆபீஸ் நண்பர் ஒருவர் தட்டையான புது மானிட்டர் வாங்கியிருந்தார். அவருடைய பழைய பதினேழு அங்குலப் பெட்டி மானிட்டரை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வேகத்தடை ஒவ்வொன்றிலும் தொடை நசுங்கியது.

அன்று சாயங்காலமே மாட்டிப் பார்த்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் காலத்து லினக்ஸில் வெளி மானிட்டர் முதல் தடவையிலேயே வந்தது. பளிச்சென்று, முழு அளவில், சரியான நிறத்தில். நான் ஏதோ நானே மானிட்டரைக் கண்டுபிடித்தவன் போல நின்றேன்.

"நல்லா ஓடுதில்ல? இதோட விட்டுடுங்க. இனிமே கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பொரியும் பூவும் வாங்க கேம்ப் ரோடு பக்கம் போனாள்.

அவள் படி இறங்கிப் போன சத்தம் ஓய்வதற்குள் மூலையில் அந்த ஆரஞ்சு நிறச் சின்னம் என்னைப் பார்த்தது. அப்டேட் வந்திருக்கிறது. போடாத அப்டேட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. லினக்ஸின் மையமான கெர்னல், திரையை இயக்கும் டிரைவர், இன்னும் என்னென்னவோ. போட்டேன். மறுபடி மானிட்டரை மாட்டிச் சோதிப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். நான் அப்பாவியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. அவள் சுண்டல், பாயசம் என்று அடுப்படியில் இருந்ததால் பொட்டு வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொடுத்து, "எல்லாத்துக்கும் வைங்க, எதையும் விட்டுடாதீங்க" என்றாள். என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்யமாட்டேன். மிக்ஸி, கிரைண்டர், காஸ் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், கத்தரிக்கோல், அரிவாள்மணை, ஸ்க்ரூடிரைவர் செட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, கீழே போய் பைக்குக்கு, பைக் பம்புக்கு. லேப்டாப்பையும் மானிட்டரையும் கழற்றி, ஒரு பலகையில் கோலம் போட்டு வைத்திருந்தாள். அவற்றுக்கும் சந்தனத்தைத் தாராளமாக வைத்து மேலே குங்குமம் தொட்டு நிமிர்ந்தபோது மனசு நிறைவாக இருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும் வரை தொடக் கூடாது. அந்த ஒரு நாள் முழுக்க நான் அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்டேட்டுக்குப் பிறகு மானிட்டர் வருகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி. ஆனால் அவள் கண் என் மேலேயே இருந்தது.

விஜயதசமி அன்று ஏழு மணிக்கே மறுபூஜையை முடித்துவிட்டோம். ஏழரைக்கு மானிட்டரை மேசையில் தூக்கி வைத்து, கேபிளைச் செருகி, இரண்டு பக்கத் திருகையும் முறுக்கி, ஆன் செய்தேன். பெரிய திரை கறுப்பாகவே இருந்தது. திரை மாற்றும் பொத்தான்களை அழுத்தினேன். மெதுவாக அழுத்தினேன், வேகமாக அழுத்தினேன், ஒரு தடவை சுவாமியை நினைத்துக்கொண்டும் அழுத்தினேன். எதுவும் இல்லை. டெர்மினலில் கேட்டால், வெளி மானிட்டர் எதுவும் இணைக்கப்படவில்லை என்று சொன்னது. கேபிள் என் கண்ணெதிரே செருகியிருக்கிறது, இணைக்கப்படவில்லையாம்.

அப்டேட்தான், வேறென்ன. நேற்று முன்தினம் பளிச்சென்று ஓடியது, நடுவில் நடந்தது அது ஒன்றுதான்.

சத்தம் போடாமல் வேலையில் இறங்கினேன். லேப்டாப்பைப் பழைய கெர்னலில் ஆரம்பித்துப் பார்த்தேன், அதே கறுப்பு. டிரைவரின் பழைய பதிப்பைத் தேடிப் போட்டேன், அதே கறுப்பு. திரை சம்பந்தமான கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, 'அங்கே மானிட்டர் இருக்கிறது, நான் சொல்கிறேன், நம்பு' என்கிற மாதிரி வரி வரியாக எழுத ஆரம்பித்தேன்.

"என்னாச்சு?" என்றாள், பாய்களை விரித்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல, டிரைவர்ல சின்ன பிராப்ளம்."

"முந்தாநாள் ஓடுச்சே?"

"சில சமயம் அப்படித்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்டேட் போட்டீங்களா?"

நான் கான்ஃபிக் ஃபைலை மிகுந்த கவனத்தோடு படித்தேன்.

"போட்டீங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாயை நேராக இழுத்துவிடப் போய்விட்டாள். மணி அப்போது ஒன்பதே கால்.

நான் எழுதிய வரிகள் ஒருவழியாக வேலை செய்தன. பெரிய திரையில் வெளிச்சம் வந்தது. "வந்துடுச்சு!" என்று கத்தினேன். அவள் வந்து பார்த்தாள். எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவில் இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். போதாததற்கு லேசாக நடுங்கிக்கொண்டும் இருந்தது.

"இதுக்குப் பேரு வந்ததா?" என்றாள்.

"கலர் செட்டிங்தான். ஒரே ஒரு வரி மாத்தினா சரியாயிடும்."

அந்த ஒரு வரியை நான் பதினொரு விதமாக மாற்றிக்கொண்டிருந்தபோது மீன்கார அக்கா வந்துவிட்டார். அரை மணி நேரம் முன்னதாகவே. பூஜை நாளில் யாரும் மீன் வாங்கமாட்டார்கள், அன்று அவருக்கு வியாபாரம் இல்லை. புதுப் புடவை, கையில் நோட்டு, பேனா. உள்ளே நுழைந்ததும் திரையைப் பார்த்தார்.

"இன்னா சார், டிவிக்கு மஞ்சகாமால வந்தா மாரி கீது?"

"இப்ப சரியாயிடும்கா."

"நீ கீறப்போ எங்களுக்கு இன்னா பயம் சார்" என்று சொல்லிவிட்டு முதல் பாயில் உட்கார்ந்தார். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆறு பேரும் வந்துவிட்டார்கள். எந்த இடத்தில் நான் இருக்கவே கூடாது என்று அவள் சொல்லியிருந்தாளோ அதே இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்துகொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஆறு ஜோடிக் கண்களும் என் முதுகில் இருந்தன. வகுப்பு எடுக்க வேண்டியவள் சுவரோரமாக, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு எப்படியாவது தோற்றுப்போயிருந்தால்கூட இவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "கொஞ்சம் நகருங்க. நான் ஒயரைப் பாக்கறேன்."

"ஒயர்ல ஒண்ணுமில்ல. இது சாஃப்ட்வேர். நீ போய் அவங்களோட பேசிட்டிரு."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எரிச்சல். கீழ்வீட்டு அக்கா நோட்டைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார். நான் சொன்னது என் காதுக்கே அப்போதுதான் சரியாகக் கேட்டது. எந்தப் பேச்சுக்காக அவள் பயந்தாளோ அதை வேறு யாரும் பேசவில்லை. நானே அவளுடைய ஆறு மாணவிகளுக்கு முன்னால் பேசிவிட்டேன். வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவள் நகரவில்லை. இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"மஞ்சள் ஜாஸ்தியாகல. நீலம் வரல. நீலம் வராம போனாத்தான் வெள்ளை மஞ்சளாத் தெரியும். எங்க கடையில மானிட்டர் இப்படி ஆச்சுன்னா மொதல்ல ஒயரைப் பிடிச்சு ஆட்டுவோம். நகருங்க."

நகர்ந்தேன். அவள் மேசைக்குப் பின்னால் குனிந்து, லேப்டாப்பில் கேபிள் சேரும் இடத்தைப் பிடித்து லேசாக ஆட்டினாள். திரை வெள்ளையானது. கையை எடுத்தாள், மஞ்சள். மறுபடி ஆட்டினாள், வெள்ளை.

"அட!" என்றார் மீன்கார அக்கா.

அவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, திருகைக் கழற்றி, கேபிளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நானும் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். பதினைந்து ஊசிகள் இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்து இறுகிய சந்தனம். நடுவில் வட்டமாக, அழகாக, ஒரு குங்குமப் பொட்டு.

மோதிர விரலால் நான் வைத்ததுதான். அப்படியே ஞாபகம் வந்தது. பலகையில் கேபிள் தனியாகக் கிடந்தது. எதையும் விட்டுவிடாதே என்று உத்தரவு. கேபிளின் பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக், வேலை செய்கிற முகம் இதுதானே என்று யோசித்து, பக்தியோடு ஊசிகளின் மேலேயே அப்பியிருந்தேன். மானிட்டர் தன்னைப் பற்றி லேப்டாப்புக்குச் சொல்லும் ஊசி, நீல நிறத்தைக் கொண்டுபோகும் ஊசி, எல்லாம் சந்தனத்துக்குள். லேப்டாப்பால் மானிட்டரைக் கண்டுபிடிக்க முடியாததில் ஆச்சரியமே இல்லை. அந்த அப்டேட் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

"இதுக்குமா?" என்றாள் என் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னே" என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாணவிகளுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவள் தோள் குலுங்கியது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அழுகிறாளோ என்றுகூட நினைத்திருக்கலாம். நான் அந்த முகத்தைப் பார்த்தேன், அழுகை இல்லை.

டிடிபி கடையிலிருந்து அவளுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், கீபோர்டு துடைக்க ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ் வைத்திருப்பாள். அதை எடுத்து ஊசிகளைத் தேய்த்தாள். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. லேப்டாப் பக்கத்து ஓட்டைகளிலும் கொஞ்சம் அடைத்திருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்து, வாயால் ஊதினாள். அவள் சொல்லாமலே நான் கான்ஃபிக் ஃபைலில் எழுதிய அத்தனை வரிகளையும் அழித்தேன். அழிக்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. நல்ல வரிகள்.

கேபிளை மாட்டி ஆன் செய்தாள். பெரிய திரை முழு அளவில், நடுக்கமில்லாமல், வெள்ளை வெள்ளையாகவே வந்தது. மணி பத்து அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"எப்படியோ சார் சரி பண்ணிட்டாரு!" என்றார் கீழ்வீட்டு அக்கா, மனசாரச் சந்தோஷப்பட்டு. "இவ்ளோ தெரிஞ்சவரு வீட்லயே இருக்கறப்ப நமக்கு என்ன கவலை. ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிட்டுக்கலாம்."

அவர் கண்ணெதிரேதான் அத்தனையும் நடந்தது. பிரஷ் பிடித்தது யார், ஊக்கைக் கழற்றியது யார், எல்லாம் பார்த்தார். இருந்தாலும் சரி செய்தது நான்தான். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். என் மனைவி சிரித்த முகத்தோடு கீபோர்டை இழுத்து நேராக வைத்தாள். ஏற்கெனவே நேராக இருந்த கீபோர்டு.

நான் படுக்கையறைக்கு நழுவிப் போயிருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள், ஏற்பாடும் அதுதான். கதவு வரை போகவும் போனேன். நாலு பேர் நம்மை மெச்சும்போது அது தப்பு என்று வாயைத் திறப்பதற்கு எனக்கு எப்போதுமே நாக்கு எழும்பாது. அன்று எப்படியோ எழும்பியது.

"அக்கா, நான் சரி பண்ணல" என்றேன் திரும்பி நின்று. "நேத்து பூஜையில கேபிளோட வாயில சந்தனத்தை அப்பினவன் நான். ரெண்டரை மணி நேரமா எங்க கோளாறுன்னே தெரியாம முட்டிக்கிட்டிருந்ததும் நான். ஒயரைப் பாக்கறேன்னு வந்தவங்களைப் போய்ப் பேசிட்டிருன்னு சொன்னதும் நான்தான், நீங்க எல்லாரும் கேட்டீங்க. கண்டுபிடிச்சு சரி பண்ணது உங்க டீச்சர்."

மீன்கார அக்காதான் ஆரம்பித்தார்.

"சந்தனமா? எங்கூட்லகூட போட் இன்ஜினுக்கு வெப்போம் சார். மேலதான் வெப்போம். டேங்க் உள்ளயா ஊத்துவோம்?"

அறையே சிரிப்பில் வெடித்தது. கீழ்வீட்டு அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி? என் மனைவி இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, ஆரம்பிக்கலாமா? கையை இப்படி வெச்சுக்கோங்க. மொதல்ல 'அ'."

விரலால் ஒரு தட்டு. பெரிய திரையில் கறுப்பாக, கனமாக ஒரு 'அ' வந்து நின்றது. ஆறு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். எத்தனையோ திரைகளை எத்தனையோ கட்டளைகள் போட்டு வரவழைத்திருக்கிறேன், அப்படி ஒரு எழுத்தைப் பார்த்ததில்லை. இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும் போல இருந்தது. மேசை அருகே போய் நின்றேன்.

"சார்" என்றார் மீன்கார அக்கா, என்னைப் பார்க்காமல், திரையைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டே. "கொஞ்சம் அப்பால நவுரு சார். டீச்சர் காட்றது தெரில."

நான் நகர்ந்துகொண்டேன். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் 'ஆ'வுக்குப் போயிருந்தாள்.